பழுது பொறியிலா, பொறுப்பிலா?

கணினி விளையாட்டொன்று தடங்கலின்றி ஓடாவிடின் கணினியை மாற்றவேண்டும் என்னும் எண்ணம் இன்றைய இளைஞரிடையே ஏறக்குறைய ஒரு பழமொழியின் தகுதியைப் பெற்றுவிட்டது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய உவர்மலையிலும் உப்புவெளியிலும் சீனன்குடாவிலும், குடாவுக்கு அப்பால் கிண்ணியாவிலும் மூதூரிலும் இப்பழமொழிக்கு மறுப்புரைப்போர் மிகச் சிலரே. புதிய விளையாட்டொன்று வெளிவருகின்றது; திரையில் உருவங்கள் விட்டுவிட்டு அசைகின்றன; 'உன்னுடைய மெஷின் பழசு' என்று நண்பர் தீர்ப்பளிக்கின்றார்; கடைக்காரர் அத்தீர்ப்பை உறுதிசெய்கின்றார்; வீட்டார் பணந்தேட முற்படுகின்றனர். இந்த வழக்கிலே குற்றவாளி எப்பொழுதும் கணினி. தண்டம் செலுத்துபவர் எப்பொழுதும் அதனை உடையவர். விளையாட்டை ஆக்கி விற்ற கொம்பனியோ சாட்சியாகக் கூட அழைக்கப்படுவதில்லை.

இத்தீர்ப்பு நீதியானதன்று. வன்பொருளை மேம்படுத்துதல் எக்காலத்தும் வேண்டாதது என்பது இங்கு வாதமன்று. ஆக்குவோர் தம் கடமையிற் குறைவைத்த இடத்தை வாங்குவோர் தம் பணத்தால் நிரப்பவேண்டும் என்ற வழக்கமே கண்டிக்கப்படுகின்றது. அவ்வழக்கம் உலகின் எப்பகுதியிலும் தீயதாயினும், டொலரில் விலை குறிக்கப்பட்டு ரூபாவில் ஊதியம் பெறப்படும் ஒரு மாவட்டத்தில் அது கொடியதாகின்றது.

'தடங்கலின்றி ஓடுதல்' என்பது யாது என்பதை முதலில் வரையறுத்தல் நன்று. திரையில் தோன்றும் அசைவு, விரைந்து மாறும் நிலைப்படங்களின் வரிசையேயாம். செக்கனுக்கு 60 படங்கள் தோன்றவேண்டுமாயின், ஒவ்வொரு படத்தையும் ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கனுக்குள் கணினி வரைந்து முடித்தல் வேண்டும். ஒரு படம் 16 மில்லிசெக்கனிலும் அடுத்தது 50 மில்லிசெக்கனிலும் வருமாயின், சராசரி எவ்வாறிருப்பினும் கண் அதனைத் தடுமாற்றமாகவே உணரும். இனி, 1920க்கு 1080 என்ற அளவுடைய ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 1280க்கு 720 என்ற அளவிலோ 9,21,600 புள்ளிகளே உள்ளன. '4கே' எனப்படும் அளவிற்கு 82,94,400 புள்ளிகள் வேண்டும். எனவே தடங்கலின்மை என்பது கணினியின் ஆற்றலுக்கும் அதன்மீது சுமத்தப்படும் வேலைக்கும் இடையிலான விகிதமாகும். ஒரு விகிதத்தைச் சீராக்க இரு வழிகள் உண்டு. ஆற்றலைக் கூட்டலாம், அன்றி வேலையைக் குறைக்கலாம். சந்தை முதலாவது வழியை மட்டுமே பேசுகின்றது. இரண்டாவது வழியில் விற்பதற்கு ஏதுமில்லை என்பதே அதற்குக் காரணம்.

சுமத்தப்படும் வேலை அனைத்தும் தேவையான வேலைதானா என்ற வினா இவ்விடத்தில் எழுகின்றது. பின்லாந்து நாட்டின் கொலோசல் ஓடர் என்னும் நிறுவனம் ஆக்கிய 'சிற்றீஸ்: ஸ்கைலைன்ஸ் 2' என்ற நகரமைப்பு விளையாட்டு 2023 ஒக்டோபரில் வெளிவந்தது. தாம் இலக்காகக் கொண்ட செயற்றிறனை எட்டவில்லை என்பதை வெளியீட்டுக்கு முன்னரே ஆக்கியோர் ஒப்புக்கொண்டனர். ஆயினும் குறித்த நாளில் விற்பனை தொடங்கிற்று. அக்காலத்தின் மிக உயர்ந்த விலையுடைய வரைகலை அட்டைகளும் அதன் உயர் அமைப்புகளில் தடுமாறின. பின்னர் ஆராய்ந்தோர் கண்டது வேடிக்கையும் வேதனையும் கலந்த ஓர் உண்மை: வானத்திலிருந்து நோக்கும்போது எறும்பளவாய்த் தெரியும் நகரமாந்தரின் வாய்க்குள்ளே பற்கள்கூட நுணுக்கமாக உருவாக்கப்பட்டிருந்தன. தொலைவிலிருந்து நோக்கும்போது உருவங்களை எளிமைப்படுத்தும் அடிப்படை ஏற்பாடும் பல இடங்களில் இருக்கவில்லை. எவருங் காணாத பற்களை வரைவதற்காகப் புதிய அட்டை வாங்கும்படி உலகெங்கும் உள்ள ஆட்டக்காரருக்கு அறிவுரை கூறப்பட்டது! பின்வந்த திருத்தங்கள் அதே கணினிகளில் அதே விளையாட்டைச் சற்று விரைவாக ஓடச்செய்தன என்பது, பழுது எங்கிருந்தது என்பதற்குப் போதிய சான்றாகும்.

போலந்தின் சீடி புறொஜெக்ற் நிறுவனத்தின் வரலாறு இன்னும் தெளிவானது. அதன் 'சைபர்பங்க் 2077' 2020 டிசெம்பர் 10ஆம் திகதி வெளிவந்தபோது, பழைய பிளேஸ்ரேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகிய கருவிகளில் அது நிலைகுலைந்து கிடந்தது. நிறுவனம் மன்னிப்புக் கோரியது. சொனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அவ்விளையாட்டை நீக்கி, வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பியளித்தது. 2021 யூனிலேயே அது மீண்டும் அக்கடையில் இடம்பெற்றது. அதே நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'விற்சர் 3' என்ற பெருவிளையாட்டோ, சேபர் இன்ரறாக்ரிவ் நிறுவனத்தின் துணையுடன், வெறும் 4 கிகாபைற்று நினைவகமுள்ள நின்ரெண்டோ சுவிற்ச் என்னும் கையடக்கக் கருவிக்கு 2019 ஒக்டோபரில் கொண்டுவரப்பட்டது. உருவங்களின் கூர்மை குறைந்தது. விளையாட்டு முழுமையாக நின்றது. ஒரே நிறுவனத்தின் பெயரில் இருவிதமும் நிகழ்ந்திருக்க, பாரமான விளையாட்டு பாரமான கணினியைக் கேட்பது இயற்கை விதி என்று எவ்வாறு கூறலாம்?

இவ்விதி இயற்கையானதன்று என்பதற்கு முற்காலச் சான்றுகளும் உள. டேவிட் பிறேபன், இயன் பெல் என்ற இரு மாணவர் 1984இல் வெளியிட்ட 'எலீற்' என்ற விளையாட்டு, 32 கிலோபைற்று நினைவகமுள்ள பீ.பீ.சி. மைக்ரோ கணினியில், ஒவ்வொன்றும் 256 விண்மீன்களைக் கொண்ட எட்டு அண்டங்களை விரித்துக் காட்டிற்று. கிறிஸ் சோயர் 1999இல் வெளியிட்ட 'ரோலர்கோஸ்ரர் ரைக்கூன்' ஏறத்தாழ முழுவதும் பொறிமொழிக்கு மிக நெருங்கிய அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டு, அந்நாளின் எளிய வீட்டுக் கணினிகளில் ஆயிரக்கணக்கான பொம்மை மாந்தரை உலவவிட்டது. அன்று கணினியின் வறுமை ஆக்குவோரின் திறனைத் தூண்டியது. இன்று கணினியின் செல்வம் அவர்தம் சோம்பலுக்குத் துணைநிற்கின்றது. வன்பொருள் விரைவடைவதிலும் வேகமாக மென்பொருள் மந்தமடைகின்றது என்ற கருத்தைப் பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லவுஸ் வேர்த் 1995லேயே எடுத்துரைத்தார். முப்பது ஆண்டுகள் கழிந்தபின்னும் அக்கருத்து பழசாகவில்லை.

இனி, இச்சோம்பலின் விலையைத் திருகோணமலையில் யார் செலுத்துகின்றனர் என்பதை நோக்கலாம். 2023 யூனில் வெளிவந்த நடுத்தர வரைகலை அட்டையான ஆர்.ரீ.எக்ஸ். 4060இன் அறிமுக விலை 299 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் நிலவிய 200 ரூபா வீதத்தில் அது 59,800 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியபோது அத்தொகை 1,07,640 ரூபா. 2025இல் நிலவிய ஏறத்தாழ 300 ரூபா வீதத்திலும் அது 89,700 ரூபா. ஏற்றுக்கூலியும் வரிகளும் வியாபாரியின் இலாபமும் இதற்குமேல் சேரும். தனியார் துறைக்குரிய தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இல் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அச்சம்பளம் பெறும் ஒருவர் உண்ணாமலும் உடுக்காமலும் மூன்று மாதங்களுக்கு மேல் உழைத்தாலன்றி இந்த நடுத்தர அட்டையை வாங்கவியலாது. அமெரிக்க மாணவன் சில நாட் பகுதிநேர உழைப்பால் பெறுவதை மூதூர் மாணவன் தந்தையின் ஒரு பருவ உழைப்பால் பெறவேண்டியுள்ளது. விளையாட்டின் பெட்டியில் 'பரிந்துரைக்கப்படும் கணினி' என்று அச்சிடுவோர் இவ்விருவரையும் ஒருவராகவே எண்ணுகின்றனர்.

அட்டையோடு செலவு முடிந்துவிடுவதுமில்லை. புதிய அட்டைக்குப் பழைய பவர் சப்ளை போதாது என்பர். அதை மாற்றியபின் புரொசெசர் பின்தங்குகின்றது என்பர். புரொசெசரை மாற்றத் தாய்ப்பலகை மாறவேண்டும். தாய்ப்பலகை மாறினால் ராமும் புதிய வகையாதல் வேண்டும். ஓட்டை வாளிக்குப் புதுக் கயிறு வாங்கியவன் கதை இது. 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டமையால் ராமின் விலை உலகெங்கும் பன்மடங்கு ஏறியது. மைக்ரோன் நிறுவனம் சாதாரண நுகர்வோருக்கான தன் குறூஷல் விற்பனையையே கைவிடுவதாக அவ்வாண்டு டிசெம்பரில் அறிவித்தது. வீட்டு ஆட்டக்காரன் இச்சந்தையின் தலைவனல்லன், எஞ்சியதைப் பெறுபவன். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றின் கரையில் வாழ்ந்தும், கொழும்புத் துறையில் இறங்கி லொறியில் வரும் பெட்டிக்காக அவன் காத்திருக்கின்றான்.

மெஷின் பழசு என்ற தீர்ப்பு பெரும்பாலும் பரிசோதனையின்றி வழங்கப்படுவது என்பதும் இங்குக் கருதத்தக்கது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையின் நண்பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டுவது அரிதன்று. கடற்காற்றின் உப்பும் ஈரமும் உலோக இணைப்புகளை அரிக்கின்றன. தெருப்புழுதி விசிறிகளை அடைக்கின்றது. புரொசெசரின் வெப்பம் 95 அல்லது 100 பாகையளவை நெருங்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளையாட்டின் முதற் பத்து நிமிடம் சீராக ஓடிப் பின்னர் தடுமாறுமாயின் அது இந்நோயின் அறிகுறி. அக்கணினிக்கு வேண்டியது தூசு தட்டுதலும், காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றுதலும், காற்றோட்டமான ஓரிடமுமேயாம். வியர்த்துக் களைத்தவனைக் கிழவன் என்று தள்ளிவிடுதல் மருத்துவமாகாது.

பரிசோதனைக்கு ஓர் ஒழுங்கும் உண்டு. விளையாட்டின் படவளவைக் குறைத்தும் வேகம் கூடவில்லையெனின் பழி வரைகலை அட்டையினதன்று, பெரும்பாலும் புரொசெசரினது. அளவைக் குறைத்தவுடன் வேகம் கூடுமாயின் அட்டையே திணறுகின்றது. புதிய நிலப்பரப்புக்குள் நுழையும்போது மட்டும் படம் உறையுமாயின், பழைய சுழல்தட்டு வன்வட்டைச் சந்தேகிக்கலாம்; அங்கு ஓர் எஸ்.எஸ்.டி. பொருத்துதல் அட்டை வாங்குவதினும் பன்மடங்கு மலிவு. ஒரே ராம் துண்டு உள்ள கணினியில் அதற்கு இணையான இன்னொன்றைச் சேர்ப்பின், தனி அட்டையில்லாத கணினிகள்கூட ஊக்கம் பெறும். நிழல், எதிரொளி, தொலைதூரக் காட்சி ஆகியவற்றின் தரத்தை ஒரு படி இறக்குவதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஏ.எம்.டி. நிறுவனம் 2021 யூனில் வெளியிட்ட எப்.எஸ்.ஆர். என்ற முறை, படத்தைக் குறைந்த புள்ளிகளில் வரைந்து பின்னர் பெரிதாக்குவது; போட்டி நிறுவனத்தின் பழைய அட்டைகளிலும் அது இயங்கிற்று. வேலையைக் குறைக்கும் வழிக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மென்பொருளில் ஒரு சிறு மாற்றம், இலட்சக்கணக்கான பழைய அட்டைகளின் ஆயுளை நீட்டிவிட்டது. இத்தனைக்கும் பின்னரும் போதாமை நிற்குமாயின், அப்பொழுது வாங்குதல் அறிவுடைமை.

இவ்வாதத்துக்கு இரு திசைகளிலிருந்து எதிர்ப்பு வரும். முதலாவது, பெரியோரிடமிருந்து வருவது: விளையாட்டே வீண், அதற்கு வன்பொருள் ஏன், வாதம் ஏன் என்பர். நாடகத்தையும் சினிமாவையும் ஒரு காலத்தில் இவ்வாறே இகழ்ந்தனர். ஓவியம், இசை, கதை, கணிதம் ஆகிய அனைத்தும் கூடும் ஒரு கலையை வீணென்று ஒதுக்குவதால் இளைஞர் அதனை விட்டுவிடப் போவதில்லை. பொருளறியாது நுகர்வோராகவே வளர்வர். கணினியின் உள்ளுறுப்புகளைப் பெயர்சொல்லி அறியும் முதல் வாய்ப்பு பலருக்கு விளையாட்டாலேயே கிட்டுகின்றது. இகழ்ச்சி அவ்வாய்ப்பை வீட்டாருக்கு மறைத்த கடனாக மாற்றுகின்றதேயன்றிக் கல்வியாக மாற்றுவதில்லை.

இரண்டாவது எதிர்ப்பு வலியது. தொழில்நுட்பம் முன்னேறுகின்றது, பழைய கருவியைக் காத்தல் முன்னேற்றத்துக்குத் தடை என்பர். இதில் ஓரளவு உண்மையுண்டு. 2024 டிசெம்பரில் வெளிவந்த 'இந்தியானா ஜோன்ஸ்' விளையாட்டும் 2025 மே மாதத்தில் வெளிவந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' விளையாட்டும் ஒளிக்கதிர்களின் போக்கைக் கணிக்கும் வன்பொருள் இல்லாத அட்டைகளை ஏற்பதில்லை. அத்தகைய விளையாட்டுக்குத் தூசு தட்டியோ படவளவைக் குறைத்தோ பயனில்லை. முப்பரிமாண வரைவுக்கும் இயந்திரக் கற்றலுக்கும் அட்டை தேவைப்படும் மாணவர் அதனை வாங்குவதும் முறையே. ஆயின் முன்னேற்றம் என்ற சொல்லைக் காட்டி முன்னேற்றமல்லாதவற்றையும் விற்றுவிடுதல் வணிகத்தின் பழைய தந்திரம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு நிறுத்தப்பட்டது. விண்டோஸ் 11 கேட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய புரொசெசரும் இல்லாமையால், நன்கு இயங்கிக்கொண்டிருந்த எண்ணற்ற கணினிகள் ஒரே நாளிற் பழையவையாயின. அக்கணினிகளுள் எதிலும் அன்று ஒரு திருகாணிகூடக் கழன்றுவிடவில்லை. பழமை என்பது பொருளின் நிலையன்றி விற்பவரின் அறிவிப்பாகவும் இருக்கலாம் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

அவ்வாறு பழையவை என்று அறிவிக்கப்படுபவை எங்குச் செல்கின்றன? ஐக்கிய நாடுகளின் மின்கழிவுக் கண்காணிப்பு அறிக்கை கூறுவதன்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 6.2 கோடி தொன் மின்கழிவு உருவாயிற்று; அதில் 22.3 வீதமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியது. ஈயமும் பிற நஞ்சுகளும் கொண்ட பலகைகள் மண்ணிலும் நீரிலும் கலத்தல், குடாவின் மீனை நம்பி வாழும் ஒரு மாவட்டத்துக்குத் தொலைதூரச் செய்தியன்று.

பழையதைப் பேணுதல் வறியவரின் ஏக்கம் என்று எண்ணுவோர் சீனன்குடாவை நோக்குக. பிரித்தானியர் அங்கு நிறுவிய எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்று 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய வான்தாக்குதலின்போது அழிந்தது. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை பல்லாண்டுகள் காட்டினுள் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றைக் குப்பையென்று எவருங் கருதவில்லை. இரு நாடுகள் அவற்றுக்காகப் பல்லாண்டுகள் பேசின. 2022 சனவரியில், 61 தாங்கிகளைப் புதுப்பித்துப் பயன்படுத்துவதற்கு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 51 வீதமும் லங்கா ஐ.ஓ.சி. 49 வீதமும் பங்குகொண்ட ஓர் ஏற்பாடு கையெழுத்தாயிற்று. எண்பதாண்டுப் பழைய இரும்பைத் திருத்திப் பயன்கொள்வதை அரசுகள் பொருளாதார மதிநுட்பம் என்கின்றன. ஐந்தாண்டுப் பழைய கணினியைத் திருத்திப் பயன்கொள்ளும் மாணவனை மட்டும் நண்பர்கள் ஏளனஞ் செய்கின்றனர்.

மின்சாரத்தின் பாடத்தையும் மறக்கலாகாது. 2022 மார்ச் மாத இறுதியில் நாடு ஒரு நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டது. அவ்வாண்டு ஓகஸ்றில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்த்தப்பட்டது. ஆர்.ரீ.எக்ஸ். 4090 போன்ற ஓர் அட்டை தனித்தே 450 வாற்று மின்னை உண்ணவல்லது. அதிக ஆற்றலை வாங்கியவர் அதற்கு மாதந்தோறும் தீனியும் போடவேண்டும் என்பதை விளம்பரங்கள் கூறுவதில்லை.

ஆகவே செய்யத்தக்கவை யாவை? விளையாட்டை வாங்குவோர் முதலில் தம் உரிமையைப் பயன்படுத்தல் வேண்டும். ஸ்ரீம் என்னும் இணையக் கடை, வாங்கிய 14 நாட்களுக்குள்ளும் இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாக ஆடியும் திருப்பிக் கேட்போருக்குப் பணத்தை மீளளிக்கும் ஏற்பாட்டை 2015இல் அறிமுகப்படுத்தியது. தம் கணினியில் ஓடாத விளையாட்டைத் திருப்பியனுப்புவோர் ஒவ்வொருவரும், குற்றப்பத்திரத்தை உரிய முகவரிக்கு அனுப்புகின்றனர். அட்டையை வாங்குவோரோ அக்குற்றத்தைத் தாமே ஏற்றுத் தண்டமும் செலுத்துகின்றனர். வெளியீட்டு நாளில் வாங்காது ஓராண்டு பொறுத்திருப்போர், திருத்தப்பட்ட விளையாட்டைக் குறைந்த விலைக்குப் பெறுவதும் வழமை. பொறுமையும் ஒரு மேம்பாடே.

கடைக்காரர் அளந்தபின் விற்கவேண்டும். எந்த உறுப்புத் திணறுகின்றது என்பதைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு; அவற்றின் எண்களை வாங்குபவருக்குக் காட்டாது அட்டையை விற்றல், நாடி பாராது மருந்து விற்பதையொக்கும்.

பெரும்பொறுப்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகின்றது. அங்கும், நாட்டின் ஏனைய வளாகங்களிலும் பயிலும் தமிழ் மாணவர் நாளை மென்பொருள் ஆக்குவோராவர். ஆய்வுகூடத்தின் மிக நலிந்த கணினியில் ஓடாத ஆக்கத்துக்கு முழுப்புள்ளி இல்லை என்ற ஒரு விதியைப் பாடத்திட்டத்தில் எழுதிவிட்டால், ஒரு தலைமுறையின் பழக்கம் மாறும். கிண்ணியாவின் பழைய கணினியை மனத்திற்கொண்டு எழுதப்படும் மென்பொருள், கம்பாலாவிலும் லாபாசிலும் ஓடும். கலிபோர்னியாவில் இன்னும் நன்றாக ஓடும். கலிபோர்னியாவை மட்டும் மனத்திற்கொண்டு எழுதப்படுவது கிண்ணியாவின் வாயிலில் நின்றுவிடுகின்றது.

கலைப்பீடத்தாருக்கும் இதில் வேலையுண்டு. ஒரு பொருளின் விலையை யார் குறிக்கின்றார், அதன் குறையை யார் சுமக்கின்றார் என்ற வினா பொறியியலுக்கு மட்டும் உரியதன்று. அது பொருளியலுக்கும் சமூகவியலுக்கும் நேரே உரியது. தேயிலையிலும் இறப்பரிலும் அவ்வினாவை எழுப்பிய அறிவுலகம், சில்லுகளைக் கண்டவுடன் வாயடைத்து நிற்பதற்கு நியாயமில்லை.

திரை தடுமாறும்போது முதலில் எழவேண்டிய கேள்வி 'எவ்வளவு பணம் வேண்டும்?' என்பதன்று, 'இந்த வேலையை இக்கணினிமீது சுமத்தியவர் யார், ஏன்?' என்பதேயாம். அக்கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்தபின் அட்டை வாங்குவதாயின், வாங்கட்டும். விடை கிடைக்குமுன் பணப்பையைத் திறப்போர் விளையாட்டில் வெல்லலாம், வணிகத்தில் தோற்றுவிட்டனர்.